ஆறாம் துளைக்குப் பக்கத்தில் சிவப்பு

பதினொரு துளைகளைப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூருக்குப் போனேன். துளையை எப்படிப் பையில் போடுவது என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பென்டிரைவில் பதினொரு துளைகளின் விவரம், செல்போனில் அவற்றின் படங்கள், பழைய துண்டில் சுற்றிய நான்கு உருளைக் கற்கள். அவ்வளவுதான் சாமான்.

சேலத்துப் பக்கம் ஒரு குன்றில் வெள்ளைக்கல் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க எங்கள் கம்பெனி பதினொரு இடத்தில் துளை போட்டது. வெள்ளைக்கல் என்றால் மேக்னசைட், உலைக்குள் பதிக்கிற செங்கல்லுக்கு ஆகும். துளையிலிருந்து உருளையாக வரும் கல்லை நாங்கள் கோர் என்போம். அதை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி, படம் எடுத்து, எந்த மீட்டரில் என்ன இருக்கிறது என்று எழுதுவது என் வேலை. எட்டு மாதம் வெயிலில் உட்கார்ந்து எழுதினேன். அந்தப் பதினொரு துளைகளை வைத்துக்கொண்டு குன்று முழுவதற்கும் இத்தனை டன் என்று சொல்கிறவர்கள் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஏ.சி. அறைக்குள் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து, இது நான் எழுதியதுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

"ரிப்போர்ட்டை நல்லபடியா முடிச்சுட்டு வா செல்வம். வந்ததும் பெர்மனென்ட் ஆர்டர் தரேன்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். தகுதிகாண் பருவம் அந்த மாதத்தோடு முடிகிறது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போகிறவர். வராத ஆர்டருக்குக் கண்ணாடிச் சட்டம் வாங்கி, சுவரில் ஆணியும் அடித்து வைத்துவிட்டார்.

இறங்கிய காலையிலேயே பெங்களூரு தன் லட்சணத்தைக் காட்டியது. மெஜஸ்டிக் மெட்ரோவில் பையை எந்திரத்துக்குள் விட்டேன். திரையில் நான்கு கறுப்பு உருளைகள் தெரிந்தன. காவலுக்கு இருந்த அம்மாள் ஓர் அடி பின்வாங்கி விசில் ஊதினார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"என்ன இது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"கல்லுங்க மேடம்."

"கல்லா? பெங்களூரில் கல் கிடைக்காது என்று ஊரிலிருந்து சுமந்து வந்தாயா?"

துண்டைப் பிரித்துக் காட்டினேன். சப்பாத்திக் கட்டை அளவில், சாம்பல் நிறத்தில் வெள்ளைக் கோடு ஓடிய கல். நாயைக் கொண்டுவந்து மோந்து பார்க்கச் சொன்னார்கள். அது மோந்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஏதும் இல்லை. எனக்குப் பின்னால் நின்றவர் நல்ல தமிழில் பல்லைக் கடித்தார்: "சீக்கிரம் எட்பா! ஆபீஸ் டைம்ல குழவிக்கல்லு விக்க வந்துட்டான்."

இந்த ஊரில் நிலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி ரயில் விடுகிறார்கள். தோண்டும்போது எவ்வளவு கல்லை வெட்டி எறிந்திருப்பார்கள்! அதே சுரங்கத்தின் வாசலில் நான்கு துண்டுக் கல்லைப் பார்த்து விசில்.

அலுவலகம் ஒரு ஜாக்கெட் தையல் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிப்ட்டில் கன்னடத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் லிப்ட்டில் ஒட்டுகிற காகிதம் எல்லா மொழியிலும் ஒன்றையேதான் சொல்லும். படியேறினேன். மேலே கண்ணாடிக் கதவு, உட்கார்ந்தால் உள்ளே விழுங்குகிற மெத்தை மூட்டைகள், சுவரில் பனிமலைப் படம். கல் என்று சொல்ல ஒரு காகித எடைகூட இல்லை. நான் கொண்டுபோன கோரை மேசையில் வைத்ததும், தூசி படுமென்று ஒருவர் அடியில் டிஷ்யூ காகிதம் விரித்தார்.

எங்கள் குன்றைக் கணக்குப் போடுகிறவர் பிரிசில்லா. என் வயதுதான் இருக்கும். பெங்களூரிலேயே காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பெண். மேடம் என்றேன். "மேடம் எல்லாம் வேணாம், பேர் சொல்லுங்க" என்றார். அவருக்கு மேலே முரளிதர் சார். அவருடைய காதில் எந்நேரமும் போன் இருந்தது. நாளை மறுநாள் பதினொரு மணிக்குக் குன்றின் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார், அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்று அந்தப் போனுக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னார்.

பிரிசில்லா திரையைத் திருப்பினார். எங்கள் குன்று அங்கே சின்னச் சின்னக் கட்டங்களாக, குழந்தைகள் அடுக்குகிற பிளாஸ்டிக் கட்டைபோல நின்றது. சிவப்பு என்றால் வெள்ளைக்கல் நிறைய, நீலம் என்றால் இல்லை, மஞ்சள் நடுத்தரம். பாதிக் குன்று சிவப்பாக இருந்தது.

"பதினோரு துளைதானுங்களே போட்டோம். மீதியெல்லாம் யார் பார்த்தாங்க?"

"யாரும் பாக்கல. அதான் எஸ்டிமேஷன். பக்கத்துல இருக்கிற துளை சொல்றதுக்கு வெயிட் ஜாஸ்தி, தூரத்துல இருக்கிறதுக்குக் கம்மி. எவ்ளோ தூரம் போனா ரெண்டு இடத்துக்கும் சம்பந்தம் விட்டுப்போகுதுன்னு முதல்ல பாப்போம். அப்புறம் கட்டம் கட்டமா கணக்கு. கிரிகிங்னு பேரு."

"அதாவது, பக்கத்து வீட்ல கேட்டு இந்த வீட்ல என்ன குழம்புன்னு சொல்றீங்க."

"ஆமா. ஆனா எவ்ளோ தப்பா இருக்கலாம்னும் கூடவே சொல்வோம். பக்கத்து வீட்டுக்காரங்க அதைச் சொல்ல மாட்டாங்க" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நான் சாப்பிடப் போனேன். மல்லேஸ்வரத்தில் ஜனங்கள் நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள். நெஞ்சு உயரத்துக்கு மேசை போட்டு நாற்காலியை ஒழித்துவிட்டார்கள். தட்டு அகலத்துக்கு ஒரே இட்லி. எங்கள் பக்கம் நான்கு இட்லிக்கு அரைக்கிற மாவை இங்கே சோம்பேறித்தனப்பட்டு ஒரே குழியில் ஊற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. சாம்பாரில் வெல்லம். காபி கேட்டால் பாதி டம்ளர் வருகிறது. ஒரு காபியை இரண்டு பேர் பிரித்துக்கொள்வதை இங்கே பை டூ என்று பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நிறையக் காட்டுகிற ஊர். அதனால்தான் பதினொரு துளையில் மலையை வரைகிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த எண்ணம் எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

தங்கியது நீலசந்திராவில், சித்தி மகள் லட்சுமி அக்கா வீட்டில். அக்கா வீட்டுக்காரர் சேகர் மாமா டைல்ஸ் பதிக்கிறவர், பிறந்து வளர்ந்ததே அந்தத் தெருவில்தான். ஒரு வண்டி நின்றால் இன்னொரு வண்டி யோசித்துத்தான் நுழைய முடியும், அவ்வளவு அகலத் தெரு. என்னைக் கண்டதும் மாமா சத்தமாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "பூமிக்கு அடியில இன்னா கீதுன்னு சொல்ற ஆளு வந்துக்கிறாரு!" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் காலை தப்பான பஸ்ஸில் ஏறினேன். எண்ணைச் சரியாகத்தான் பார்த்தேன். எண்ணுக்குப் பின்னால் ஓர் எழுத்து இருந்ததைப் பார்க்கவில்லை. நடத்துனர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் "முந்தே ஹோக்ரி, முந்தே ஹோக்ரி" என்று எல்லாரையும் முன்னால் தள்ளினார். முன்னால் போகப் போக மல்லேஸ்வரத்துக்கு எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தேன். இறங்கி ஆட்டோ கேட்டால், மூன்று பேர் தலையை ஆட்டினார்கள். நான்காமவர் எங்கே என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமலே போய்விட்டார்.

வியர்த்து விறுவிறுத்து மூன்று மாடி ஏறி நுழைந்தபோது பிரிசில்லா திரையில் குன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். முரளிதர் சார் பின்னால் நின்றார். ஆறாம் துளையைச் சுற்றி, நாற்பது மீட்டருக்குக் கீழே, ஜிலேபியைக் கொட்டியதுபோல ஒரே சிவப்பு.

"பெஸ்ட் ஏரியா. இங்கதான் குவாரி ஆரம்பிக்கச் சொல்லப்போறோம்" என்றார் சார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து இந்த ஊர் என்னைச் செய்ததற்கெல்லாம் பதில் கிடைத்தது.

"சார், இந்தச் சாப்ட்வேருக்குக் கண்ணு இருக்குதுங்களா? ஆறாம் துளையில நாப்பதுக்குக் கீழ ஒண்ணுமே கிடையாதுங்க. வெறும் சாம்பல் கல்லு. கோரை இந்தக் கையால அடுக்குனவன் நானு. அந்தப் பெட்டியைத்தான் மேசையா வச்சு இட்லி சாப்பிட்டேன். ஏ.சி.ல உக்காந்து கலர் அடிச்சா கல்லு வந்துருமுங்களா?"

சாரின் போன் அடித்தது. அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு வெளியே போனார். பிரிசில்லா கோபப்படவில்லை. நான் கொண்டுவந்த கோப்பைத் திறந்து, ஆறாம் துளைக்கு இறங்கி, விரலை வைத்தார்.

"ஒண்ணுமே கிடையாதுன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

பார்த்தேன். நாற்பதுக்கு மேலே வெள்ளைக்கல் வந்த மீட்டர்களுக்கு எதிரே சதவீதம் இருந்தது. நாற்பதுக்குக் கீழே கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

"அதானுங்க, ஒண்ணுமில்ல."

"இது ஒண்ணுமில்லன்னு அர்த்தம் இல்ல செல்வம். தெரியாதுன்னு அர்த்தம். ஜீரோ போட்டிருந்தா சாப்ட்வேர் ஒத்துக்கும். நீங்க ஒண்ணும் போடல. அதனால மேல இருக்கிறவனைக் கேட்டுச்சு, பக்கத்துத் துளையைக் கேட்டுச்சு. அவங்க எல்லாருமே பணக்காரங்க. ஏன்னா ஏழைங்க யாரையும் நீங்க லிஸ்ட்லயே சேக்கல."

பதினொரு துளையிலும் அப்படித்தான். வெள்ளைக்கல் இருந்த இடத்தை மட்டும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பி, அந்த மீட்டரை மட்டும் எழுதியிருந்தேன். இது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் போர்வெல் நோட்டில் இருநூறு அடியில் ஈரம், முந்நூற்றைம்பதில் தண்ணீர் என்று இரண்டு வரிதான் இருக்கும். நடுவில் வெறும் புகையாகப் பறந்த அடிகளை எந்த லாரியிலும் யாரும் எழுதுவதில்லை. பள்ளிக்கூட விடுமுறையில் அந்த நோட்டை எழுதியது நான்தான். பட்டம் வாங்கி வந்தும் அதே நோட்டைத்தான் எழுதியிருக்கிறேன்.

"கோர் உடைஞ்சு கிடைக்கலைன்னாலும் வெறுமையா விடுவாங்க. அதுன்னு நெனச்சேன்" என்றார் பிரிசில்லா. "டவுட் வந்து ரெண்டு மெயிலும் போட்டேன். 'தரவு முழுமையானது'ன்னு உங்க ஆபீஸ்லேர்ந்து பதில் வந்துச்சு."

அந்தப் பதிலை எழுதியதும் நான்தான். அந்த வார்த்தை கம்பீரமாக இருக்கிறதே என்று ரசித்து எழுதினேன்.

"இப்ப என்னங்க செய்யறது?"

"கோப்புல உங்க கையெழுத்துதான் வரப்போகுது. எனக்கு வெறுமையா வந்துச்சு, வெறுமையா ஓட்டினேன். மாத்துறதுன்னா சொல்லுங்க, காலையில எட்டு மணிக்கே வரேன். எனக்கு இப்ப சர்ச்ல பாட்டு பிராக்டிஸ்." கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முரளிதர் சாருக்குச் சிவப்பு பிடித்திருந்தது. குன்றின் சொந்தக்காரருக்கும் பிடிக்கும். மேனேஜருக்கும் பிடிக்கும். அந்தச் சிவப்புக்கு அடியில் ஆர்டர் இருந்தது, ஆணி இருந்தது. நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டால் போதும். நீலசந்திராவுக்கு நின்றுகொண்டே போனேன், உட்கார இடம் இருந்தும்.

தெருவில் கூட்டமாக இருந்தது. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரு போர்வெல் போடப் போகிறார்களாம். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்துகொண்டிருந்தார். தண்ணீர் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்குமாம். மாமா என்னை இழுத்து நடுவில் நிறுத்தினார்.

"தேங்காய ஓரங்கட்டுங்கப்பா! நம்ம மச்சான் கல்லு படிச்சவரு. மச்சான், நீ சொல்லு, தண்ணி வருமா வராதா?"

எனக்கு எங்கேயாவது அறிவாளியாக நிற்க வேண்டியிருந்தது. "தேங்காயெல்லாம் சட்னிக்குத்தான் ஆகும் மாமா. இந்தத் தெருவுல இதுக்கு முன்னாடி எத்தனை போர் போட்டிருக்கீங்க?"

"ஒண்ணு. டெய்லர் வூட்டாண்ட. இன்னிக்கும் கொட்டுது தண்ணி. போட்டது ஒண்ணு, வந்தது ஒண்ணு. நூத்துக்கு நூறு!"

அக்கா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டே, "ஏன், மாரியம்மன் கோயில் சந்துல போட்டாங்களே?" என்றாள்.

"அது காஞ்சு பூட்ச்சே."

"மூலை வீட்டுக்கு எதிர்ல ஒண்ணு போட்டு, மூடி, அது மேலதான உங்க வண்டிய நிறுத்துறீங்க?"

"அதுவும் காஞ்சதுதான! தண்ணியே வராதத போயி இன்னாத்துக்குடி கணக்குல சேக்குற?"

தெரு சிரித்தது. தேங்காய்க்காரர்கூடச் சிரித்தார். மாமாவைப் பார்த்து என்ன அறிவு இது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மாமா மூடிய துளைமேல் வண்டி நிறுத்துகிறார். நான் கோர் பெட்டிமேல் இட்லி வைத்துச் சாப்பிட்டேன். அவர் தெருவுக்கு மட்டும்தான் கணக்குச் சொன்னார்.

"தெரியாது மாமா" என்றேன்.

"இன்னா மச்சான், இதுக்கா அவ்ளோ படிச்ச?"

மூன்றாம் நாள் எட்டு மணிக்குப் படியேறினேன். பிரிசில்லா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மாற்ற வேண்டும் என்றதும் ஒன்றும் கேட்காமல் விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். "மேல ஒரு ஜீரோ போட்டுக் கீழ வரைக்கும் இழுத்து விடுங்க. ரெண்டு நிமிஷ வேலை."

அதுவும் பொய்யாகிவிடும். சில மீட்டர்களில் கோர் நிஜமாகவே தூளாகி வந்தது. அங்கே என்ன இருந்தது என்று எனக்கும் தெரியாது, கடவுளுக்குத் தெரியலாம். செல்போனில் பெட்டிப் படங்களைத் திறந்துகொண்டு ஒவ்வொரு மீட்டராகப் பார்த்தேன். சாம்பல் கல் முழுசாகத் தெரிந்தால் பூஜ்யம். பெட்டியில் பள்ளமோ பொடியோ தெரிந்தால் வெறுமை. பிரிசில்லா எண்ணைச் சொன்னார், நான் படத்தைப் பார்த்துச் சொன்னேன். எட்டு மாதத்தில் செய்திருக்க வேண்டியதை இரண்டு மணி நேரத்தில் செய்தோம்.

ஆறாம் துளைக்கு வந்தோம். வெள்ளைக்கல் முடிகிற நாற்பதாவது மீட்டர் இருந்த பெட்டி. படத்தைப் பெரிதாக்கிய பிரிசில்லா, "இது என்ன கல்லு?" என்றார்.

கல் இல்லை. செய்தித்தாள், அதன்மேல் வாழையிலை, இலைமேல் மூன்று இட்லியும் ஓரத்தில் வழிந்த சட்னியும். நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டு வரை முழுக்க மறைந்திருந்தது. அன்றைக்குப் பசி. படம் எடுக்கிற முறை வந்ததும் பொட்டலத்தை நகர்த்தாமலே எடுத்திருக்கிறேன்.

பிரிசில்லா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "ஜீரோ போடட்டுமா? சாம்பல் கல்லுதான்னு நேத்து அந்தக் கத்து கத்துனீங்களே?"

சாம்பல் கல்தான் என்றுதான் நினைவு. ஆனால் இட்லி நினைவிருக்கிற அளவுக்குக் கல் நினைவில்லை. "வெறுமையா விடுங்க" என்றேன்.

முரளிதர் சாரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். முதல்முறையாகப் போனைக் காதிலிருந்து எடுத்தார். "இத இன்னிக்குத்தான் சொல்றதா?" என்று ஆரம்பித்து, ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொன்னதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை. பிறகு திரையைப் பார்த்தார். குன்று கிட்டத்தட்ட நீலமாகிவிட்டிருந்தது. சிவப்பு அங்கங்கே நாடாபோல மெலிந்து ஓடியது. நான் எட்டு மாதம் பார்த்த குன்று அப்படித்தான் இருந்தது. பார்க்காதவர்கள் அதைச் சரியாக வரைந்துவிட்டார்கள், பார்த்தவன் ஒழுங்காகச் சொன்ன பிறகு.

கூட்டத்துக்கு நடுவில் வெளியே வந்து மேனேஜரைப் போனில் அழைத்துச் சொன்னேன். "பெட்டி அத்தனையும் திரும்பப் பிரிக்கணும், ஒரு மீட்டர் விடாம வெட்டி அனுப்பணும். வாடா ராஜா வா" என்றார். "ஆர்டருங்க சார்?" என்றேன். "ஆறு மாசம் போகட்டும்" என்று வைத்துவிட்டார். ஊரில் அந்த ஆணியில் இப்போது அப்பாவின் சட்டை தொங்குகிறது.

திரும்ப உள்ளே போனபோது குன்றின் சொந்தக்காரக் கம்பெனியிலிருந்து வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். சேலத்துக்காரர். ஆறாம் துளையருகே, சுற்றிலும் நீலத்துக்கு நடுவே, ஒரு சின்னத் திட்டைத் தொட்டார். மேலே இருந்த பணக்கார மீட்டரையும் கீழே இருந்த பூஜ்யத்தையும் கேட்டு, எந்தப் பக்கமும் சாய முடியாமல் அது மஞ்சளாகியிருந்தது.

"இங்க மட்டும் என்னங்க தம்பி இப்படி மஞ்சளா?"

"அங்க விவரம் இல்லைங்க."

"ஏன் இல்ல? துளைதான் போட்டிருக்குதே?"

பிரிசில்லா குனிந்துகொண்டார். முரளிதர் சார் என்னைப் பார்த்தார்.

"அது மேல என் இட்லி இருந்துச்சுங்க" என்றேன்.